கோலப்பன் கடித்த கடலை

கோலப்பனுக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. டாக்டர்கள்மேல் மட்டும் என்று சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள். வக்கீல், பாங்கு மேனேஜர், மழை வரும் என்று டிவியில் சொல்லும் பெண், ஓட்டுக் கேட்டு வருகிறவன், ஆட்டோ மீட்டர், யார்மேலும் எதன்மேலும் கிடையாது. இந்த உலகத்தில் அவர் நம்பியது தன் வாயை மட்டும்தான். அதிலும் இடது பக்கத்துக் கடைவாயை.

அதில் தப்பும் சொல்ல முடியாது. அந்த வாயைத்தான் ஆரியசாலைக் கடைத்தெருவே நம்பியது.

லிங்கத்தின் பருப்பு மண்டியில் லாரி வந்து நின்றால், மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கைப்பிடி சாம்பிள் எடுத்துக் கோலப்பனிடம் நீட்டுவார்கள். உளுந்து, துவரை என்றால் கையில் தேய்த்து மூக்கில் பார்ப்பதோடு சரி. கொண்டைக்கடலை அப்படியில்லை. கடித்தே ஆகவேண்டும். காலையில் புட்டுக்குக் கடலைக்கறி இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொழுது விடியாது. அதனால் வருஷம் பூராவும் கடலை லோடு வந்துகொண்டே இருக்கும். கோலப்பன் மூன்று கடலையை இடது பக்கம் ஒதுக்கி ஒரு கடி கடிப்பார். நன்றாகக் காய்ந்தது, மண்டிப் பேச்சில் காய்ச்சல் உள்ளது, டக்கென்று உடையும். ஈரம் இருந்தால் பல்லில் ஒட்டும். நனைந்து காய்ந்த சரக்கு வாடையிலேயே தெரிந்துவிடும். கண்ணையும் மூடிக்கொள்வார். கடலை பார்க்கக் கண்ணை மூட வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை, இருந்தாலும் மூடுவார். பிறகு துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை. "இறக்கு" என்றால் சரக்கு இறங்கும். "பூசணம்" என்றால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதோடும் போகாது. கோலப்பன் துப்பிய சரக்கை அந்த வட்டாரத்தில் வேறு எந்த மண்டிக்காரனும் தொடமாட்டான்.

ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்றும் மண்டியில் உண்டு. அதன் தலைமேல் லிங்கம் சாம்பிராணி டப்பா வைத்திருந்தார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடலையோடு கடலையாகக் கிடந்த கல் ஒன்றைக் கோலப்பன் கடித்துவிட்டார். இடது கீழ்க் கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது. கன்னம் வீங்கி, ஒரு மாசம் கிராம்புத் தைலமும் முனகலுமாகப் போயிற்று. பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. பல் மட்டும் கறுத்துப்போய்ப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

"பாத்தியா? டாக்டரும் வேண்டாம் மயிரும் வேண்டாம். தன்னால செரியாச்சு" என்றார் மனைவி ரத்னாபாயிடம்.

செரியாகவில்லை, செத்துப்போயிருந்தது. செத்த பிறகு எது கத்தும்? அந்த அமைதியைச் சுகம் என்று எடுத்துக்கொண்டார்.

ரத்னாபாய் லேசில் விடுகிறவள் இல்லை. அஞ்சு வருஷம் அரித்தெடுத்து, கடைசியில் கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஷெமிக்கு அப்போது முப்பது வயசுகூட இருக்காது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"அங்கிள், ஈ பல்லு செத்துப் போயி. வேருக்கு அடியில ஒரு நீர்க்கட்டி உண்டு. இப்போ சின்னது, பட்டாணி அளவு. வேருக்குச் சிகிச்ச செய்யலாம். இல்லெங்கில் பல்லை எடுத்து அதையும் சுரண்டி எடுக்கலாம்."

"இப்ப எனக்கு வலிக்கல்லியே?"

"வலிக்காது. அதுதானே ப்ரஷ்னம்."

"வலி இல்லாததுதான் பிரச்னையா? நல்லாருக்கும்மா ஒங்க ஏவாரம். நல்ல மூட்டையப் பாத்து நான் பூசணம்னு சொன்னா என்னையச் செருப்பால அடிப்பானுவ."

"விட்டா வளரும் அங்கிள். தாடை எலும்பைத் தின்னும்."

"எலும்பத் திங்க அதுக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கோலப்பன் தானே சிரித்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்னாபாயும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார். "ஏட்டி, ஒனக்கு விவரம் பத்தாது. கடைவாய்ப் பல்லப் பிடுங்கிட்டா என் பொழப்பு போச்சு. எவனோ மண்டிக்காரன் இவகிட்டச் சொல்லி வச்சிருக்கான்."

ஒரு சின்னப் பெண் எக்ஸ்ரே மிஷின், நாற்காலி, போர்டு எல்லாம் வாங்கிப் போட்டு, கோலப்பனின் பல்லுக்காகவே காத்திருந்தாள் என்று அவர் மனசார நம்பினார். தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு மதிப்பு.

கட்டிக்கு ஆறு வருஷம் கிடைத்தது. அது தன் வேலையைப் பார்த்தது.

முதலில் இடது தாடை புடைத்தது. ரத்னாபாய் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"சம்பாதிக்கிற ஆம்பளைக்குச் சதை போடத்தான் செய்யும்" என்றார்.

"ஒரு பக்கம் மட்டுமா சம்பாதிக்கிய?"

அடுத்து, கறுத்த பல்லுக்கு இரண்டு பக்கமும் இருந்த பற்கள், பஸ்ஸில் குடிகாரன் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விலகிச் சாய்ந்தன. தாடையைக் கட்டைவிரலால் அமுக்கினால் முட்டை ஓடு நெரிவது போல ஒரு சத்தம் கேட்டது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். கோலப்பன் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்கடே" என்று வேடிக்கை காட்டினார். பிறகு இடது பக்கத்துக் கீழுதடு மரத்தது. கொதிக்கிற சாயாவை அவர் கூசாமல் குடிப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் அசந்துபோனார். உதடு வெந்து தோலுரிந்தது கோலப்பனுக்குத் தெரியவில்லை. ரத்னாபாய் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கும் டீக்கடைக்காரர்மேல்தான் சந்தேகப்பட்டார்.

இந்த வருஷம் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் பிச்சைக்கனியின் லோடு வந்தது.

பிச்சைக்கனி எட்டயபுரத்துக்காரர். நாற்பது வயசு. கரிசல்காட்டுக் கடலையை விளைவிக்கிற சம்சாரிகளிடம் வாங்கிச் சலித்து அனுப்புகிறவர். லிங்கம் மண்டிக்கு வரும் கொண்டைக்கடலை முக்கால்வாசி அவருடையதுதான். பத்து வருஷத்தில் ஒரு லோடு திரும்பியதில்லை.

கோலப்பன் மூன்று கடலையை ஒதுக்கிக் கடித்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார். உப்பும் அழுகலுமாக ஒரு ருசி வாய் முழுக்கப் பரவியது. துப்பினார். மறுபடி கடித்தார். மறுபடி அதே நாற்றம்.

"பூசணம்."

"பிச்சைக்கனி சரக்கா?" என்று லிங்கம் கேட்டார்.

"சரக்கு யாருதுன்னு என் நாக்குக்குத் தெரியாது முதலாளி."

நடந்தது இதுதான். கட்டிக்குள் சீழ் கோத்து, ஈறோரத்தில் ஊசிமுனை போல ஒரு வழி கண்டிருந்தது. கெட்டியாக எதையாவது கடித்தால் தாடை அமுங்கும், உள்ளே இருந்து ஒரு சொட்டு வெளியே வரும். வீட்டில் அவர் சாப்பிட்டது குழைந்த சோறு, இட்லி, வெந்த கறி. அதையும் வலது பக்கமே மென்றார். ஏனென்றால் இடது பக்கத்தைத் தொழிலுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஆகவே வீட்டில் அவருக்கு நாறவில்லை. கடலையைக் கடித்தால் நாறுகிறது, கடிக்காவிட்டால் நாறவில்லை. அப்படியென்றால் நாற்றம் கடலையுடையதுதானே? மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? பெரிய படிப்புப் படித்தவர்களே இப்படித்தான் முடிவுக்கு வருகிறார்கள். அவர்கள் கூடவே ஒரு அறிக்கையும் எழுதுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் ரத்னாபாய் ஒரு வாரமாகப் பீரோவுக்கு அடியில் செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தாள். பீரோவை நகர்த்தியாயிற்று, கட்டிலை நகர்த்தியாயிற்று. கடைசியில் புருஷன் கொட்டாவி விட்டபோதுதான் எலி இருக்கிற இடம் தெரிந்தது.

"வாயா இது? டாக்டர்கிட்ட வாங்க."

"தினமும் பூசணக் கடலையக் கடிக்கென். மல்லிகப்பூவா மணக்கும்?"

இரண்டாவது லோடும் திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது. சேதி பரவிற்று. சாலைக் கடைத்தெருவில் பிச்சைக்கனி என்ற பெயரைச் சொன்னாலே, "ஓ, அந்தப் பூசணமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்றே மழையில் பத்து வருஷப் பெயர் கரைந்துபோயிற்று.

நான்காவது தடவை லாரி வரவில்லை. பிச்சைக்கனியே பஸ் ஏறி வந்துவிட்டார். காலை பத்து மணிக்கு மண்டிக்குள் நுழைந்தபோது அவர் கையில் மூன்று காகிதப் பொட்டலம் இருந்தது.

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா?"

"இருக்கென். நீ சரக்க நனைய விட்டுட்டு என்னைய நலம் விசாரிக்கியா?"

"நனையவிடல. அதான் கையோட கொண்டாந்திருக்கென். எல்லாரு முன்னாடியும் கடிச்சுச் சொல்லுங்க. மூணும் பூசணம்னா நான் கடல ஏவாரத்த விட்டுட்டு ஆடு மேய்க்கப் போறென்."

லிங்கம் எழுந்து வந்தார். தராசுக்காரர் தராசை விட்டு வந்தார். சுமட்டுக்காரன் தங்கபாண்டி முதுகில் இருந்த மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். வெளியே மழை. வேடிக்கைக்கு ஏற்ற நேரம்.

கோலப்பன் முதல் பொட்டலத்தில் மூன்று எடுத்தார். கடித்தார். துப்பினார். "பூசணம்."

"அது திரும்பி வந்த லோடு. சரி. அடுத்தது."

இரண்டாவதைக் கடித்தார். முகம் சுருங்கியது. "இது அதைவிட மோசம்."

"இது நீங்க சித்திரையில பாஸ் பண்ணி முதலாளி குடோன்ல அடுக்கின மூட்டையில உள்ளது. தராசுக்காரருதான் எடுத்துத் தந்தாரு."

தராசுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"குடோன்ல ஒழுகியிருக்கும்" என்றார் கோலப்பன்.

"என் குடோன் ஒழுகாது" என்றார் லிங்கம் உடனே.

"சரி, மூணாவது" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார் பிச்சைக்கனி. கோலப்பன் கடித்தார். இந்தத் தடவை சீழ் தொண்டை வரைக்கும் இறங்கிற்று. குமட்டிக்கொண்டு வந்தது. "தூ! இத மாடு திங்குமாடே? எங்கேருந்து பொறுக்கின?"

"ஒங்க வீட்டு அடுக்களையிலேருந்து. வர்ற வழியில மதினிகிட்ட வாங்கினென். காலையில இதத்தான் வேகவச்சுப் புட்டுக்கு வச்சாவளாம். மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னியளாமே அண்ணாச்சி!"

மண்டியே சிரித்தது. தங்கபாண்டி மூட்டையிலிருந்து நழுவினான். சிரிக்காத ஒரே ஆள் லிங்கம். அவர் மூன்று பொட்டலத்திலும் ஒவ்வொன்று எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று மெதுவாகச் சொன்னார்.

முப்பது வருஷத்தில் அவர் முன்னால் எவனும் கடலையைக் கடித்துப் பார்த்ததில்லை. முதலாளி கடித்ததைக்கூடக் கோலப்பன் பொறுத்திருப்பார். "நல்லாத்தானே இருக்கு" என்றதைப் பொறுக்க முடியவில்லை. இருந்ததிலேயே பெரிய கடலை ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

"வாடைய விடுங்க. காய்ச்சல் இல்ல இதுல. ஈரம். சத்தத்தக் கேளுங்க, தெரியும்" என்று இடது கடைவாயில் வைத்து, இருந்த வீம்பையெல்லாம் சேர்த்து ஒரு கடி கடித்தார்.

டக்கென்று கேட்டது. மழைச் சத்தத்துக்கும் மேலே, தெருவில் போனவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.

"அம்மாடி, என்னா காய்ச்சல்!" என்றான் தங்கபாண்டி. "இதப் போயி ஈரம்ங்கிறாரே!"

கோலப்பன் வாயைத் திறந்தார். இரத்தமும் சீழுமாக வழிந்ததோடு கடலையும் வெளியே வந்து விழுந்தது. முழுசாக. ஒரு கீறல்கூட இல்லை.

உடைந்தது தாடை. ஆறு வருஷமாக உள்ளே இருந்து அரிக்கப்பட்டு, அப்பளக் கனத்துக்கு வந்திருந்த எலும்பு, கடலைக்குத் தோற்றுவிட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை. முகத்தின் இடது பக்கம் சொந்தக்காரன் இல்லாத வீடு மாதிரித் தொங்கியது. கோலப்பன் கையைத் தூக்கி என்னவோ சொன்னார். "ஊ… அம்" என்று வந்தது. அந்த நிலைமையிலும் பூசணம் என்றுதான் சொல்ல முயன்றார் என்று தராசுக்காரர் பிற்பாடு சத்தியம் பண்ணினார்.

ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனது பிச்சைக்கனிதான். மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

டாக்டர் ஷெமி புது எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பழைய பட்டாணி இப்போது கோழிமுட்டையாக இருந்தது. அதைச் சுற்றித் தாடையின் அடியோரத்தில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடும் நடுவில் முறிந்திருந்தது.

"அம்மே, அன்னிக்குப் பல்லை எடுத்திருந்தா அர மணிக்கூர் வேலை" என்றாள் ரத்னாபாயிடம். "இனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கட்டியை எடுக்கணும், சுத்தி நிக்கிற பல்லு போகும், எலும்புக்குப் பிளேட் வைக்கணும்."

ரத்னாபாய் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "டாக்டரே, எலும்பத் திங்க அதுக்குப் பல்லு இருக்கான்னு கேட்டாவளே. இருக்கா?"

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதத் தொடங்கினாள். பதில் சொல்ல வேண்டிய வாய் கோணித் தொங்கிக்கொண்டிருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. கறுத்த பல்லும் அக்கம்பக்கத்துப் பல் இரண்டும் போயின. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. பிளேட்டை வைத்து, எலும்பு மெலிசாக இருந்ததால் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. கஞ்சித்தண்ணியும் பாலும் உறிஞ்சுகுழலில். உதட்டு மரப்பு போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார்கள். இதுவரைக்கும் யார் பேசினாலும் நடுவில் புகுந்து "அதெல்லாம் சும்மா" என்று சொல்லிவந்த மனிதர், கட்டிலில் உட்கார்ந்து எல்லாரும் பேசுவதை முழுசாகக் கேட்கும்படி ஆயிற்று. ரத்னாபாய்க்கு அறுபது வயசில் அப்படி ஒரு ஓய்வு வாய்த்தது.

நாலாம் நாள் லிங்கமும் பிச்சைக்கனியும் ஒன்றாக வந்தார்கள். லிங்கம் ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தார். வாய் கட்டியிருக்கிறவனுக்கு எதைக் கொண்டுபோகக் கூடாதோ அதைப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணும் கவலப்படாண்டாம்" என்று தொடங்கினார் லிங்கம். "அன்னிக்கு நடந்தத மண்டி ஆளு யாரும் வெளிய பேசப்பிடாதுன்னு சொல்லியாச்சு. மழைக்காலம், சரக்குல ஈரம் இருந்துது, அவ்வளவுதான். அத அப்படியே விட்டுருவோம். ஒங்க வாய் மேல சந்தேகம் வந்தா நாள பின்ன மண்டி மேலயும் வரும் பாத்துக்கிடுங்க."

"அப்ப என் கடல பூசணமாவே இருக்கட்டும்ங்கியளா?" என்றார் பிச்சைக்கனி.

"அடுத்த வெள்ளாமைக்குள்ள ஆளுவ மறந்துருவானுவ வே."

"மறக்க மாட்டானுவ முதலாளி. நேத்து மூணு மண்டியில ஏறி எறங்கிட்டென். சாம்பிளக் கையில வாங்கக்கூட ஆள் இல்ல. நான் யாருகிட்ட வாங்கினேனோ அந்தச் சம்சாரியெல்லாம் துட்டுக் கேட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கானுவ." பிச்சைக்கனி கட்டில் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க துப்பினது. நீங்களே சொன்னாத்தான் மாறும்."

எல்லாரும் கோலப்பனைப் பார்த்தார்கள்.

இதைவிட நல்ல சாக்கு எவனுக்குக் கிடைக்கும்? சர்க்காரே கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்கிறது. பேசு என்று கோர்ட்டுகூடச் சொல்ல முடியாது. கோலப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று லிங்கம் எழுந்து போனார். பிச்சைக்கனி ஆரஞ்சுப்பழத்தை ரத்னாபாயிடம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோலப்பன் தூங்கவில்லை. அந்த எக்ஸ்ரேதான் கண்ணுக்குள் நின்றது. இப்படி ஒரு ஓட்டையை உள்ளே வைத்துக்கொண்டுதான் மூன்று லாரியைத் திருப்பியிருக்கிறார். டாக்டர் பொய் சொல்லியிருந்தால் நிம்மதி. எக்ஸ்ரே பொய் சொல்லியிருந்தாலும் நிம்மதி. பொய் சொன்னது வாய். இந்த உலகத்தில் அவர் நம்பிய ஒரே சாட்சி கூடவே இருந்து ஏமாற்றிவிட்டது. யாரையும் நம்பாதவர் என்று பெயரெடுத்த மனிதர், அகப்பட்ட திருடனைத் தன் முகத்தில் இருக்கிறான் என்பதற்காக விட்டுவிட முடியுமா? நாளைக்கு ஆட்டோ மீட்டரைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கும்?

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட மறுநாள் ரத்னாபாயின் போனை எடுத்துப் பிச்சைக்கனியின் பெயரைக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு கூப்பிட்டாள். "ஒங்க அண்ணாச்சி வரச் சொல்லுதாவ. வாயத் தொறக்காமச் சொல்லுதாவ."

அடுத்த நாள் காலை கோலப்பனும் பிச்சைக்கனியும் சாலைக் கடைத்தெருவில் இறங்கினார்கள். மொத்தம் பதினொரு மண்டி. ஏற்பாடு சுலபமானது. பிச்சைக்கனி பேசுவார், கோலப்பன் தலையாட்டுவார்.

முதல் மண்டியில் பிச்சைக்கனி பயந்து பயந்து சொன்னார். அண்ணாச்சிக்குத் தாடையில் கட்டி இருந்தது, சீழ் பிடித்திருந்தது, கடலையைக் கடித்தால் அந்த வாடைதான் வந்தது, சரக்கில் குற்றமில்லை. கோலப்பன் தலையாட்டினார். கடைக்காரர் நம்பாமல் பார்த்தார். கோலப்பன் உதட்டை விரலால் இழுத்துக் கம்பியைக் காட்டினார். கடைக்காரர் ஒரு எட்டுப் பின்னால் போய், "இருபது மூட்டை அனுப்பும் வே" என்றார்.

இரண்டாவது மண்டியில் பிச்சைக்கனிக்குக் குரல் ஏறிற்று. "பூசணம் என் கடலையில இல்ல, இவரு கடவாயில" என்றார். கோலப்பன் தலையாட்டினார். மூன்றாவதில், வீட்டில் மதினி செத்த எலியைத் தேடிய கதையும் சேர்ந்துகொண்டது. கடைப் பையன்கள் சிரித்து முடிக்கும்வரை கோலப்பன் நின்றார். மரத்த உதட்டின் ஓரமாக எச்சில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. பிச்சைக்கனி பேச்சை நிறுத்தாமலே தன் தோள் துண்டை எடுத்து நீட்டி, "தாடையில, அண்ணாச்சி" என்றார்.

நான்காவது மண்டிக்காரர் பழைய ஆள். லேசில் எதையும் நம்பாதவர், கோலப்பன் இனம். அவரை மடக்கப் பிச்சைக்கனி குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு அண்ணாச்சி. கொளந்த மாதிரித் தேம்பித் தேம்பி."

கோலப்பன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவர் அழவில்லை. ஆபரேஷன் அன்றைக்கே அழவில்லை.

"உள்ளதா கோலப்பா? அழுதீரா?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

இல்லை என்று தலையை ஆட்டலாம். ஆட்டினால் எதற்கு இல்லை என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அழுததற்கா, சீழுக்கா, கடலைக்கா? மொத்தத்துக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டு சாம்பிளைத் தூக்கி எறிந்துவிடுவான். அந்த இடத்தில் கோலப்பன் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். பிச்சைக்கனி அவர் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோலப்பன், ஆமாம் என்று மெதுவாகத் தலையாட்டினார்.

"அட பாவமே" என்று சொல்லிவிட்டு மண்டிக்காரர் ஒரு கடலையை எடுத்துத் தானே கடித்தார். மென்றார். "நல்ல சரக்கு."

வெளியே வந்ததும் பிச்சைக்கனி குடையை விரித்துப் பெரியவர் தலைக்குமேல் பிடித்தார்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. இன்னும் ஏழு மண்டி கெடக்கு. அடுத்தவன் இவனவிடக் கல்லு. அங்க நீங்க என் கால்ல விழுந்ததாச் சொல்லப் போறென்."

கோலப்பனின் தொண்டைக்குள் ஒரு பெரிய கெட்ட வார்த்தை உருண்டு வந்து, கம்பியில் முட்டி நின்றது. துண்டால் தாடையைத் துடைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.